கோஸ்டிக் சோடா விழுங்கியதால் உணவுக்குழாய் ஒடுங்கிவிட்டது: பலூன் போதுமா, ஒப்பரேசன்தான் வழியா?

சுன்னாகம் வாணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணா வீட்டிலேயே சவர்க்காரம் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். தேங்காய் எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும்தான் முக்கிய சாமான். கரைத்து மிஞ்சியதைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் ஊற்றி வைத்திருக்கிறார். கரண்ட் போன ஒரு இரவு, இருட்டில் தண்ணீர் என்று எடுத்து ஒரு மிடறு விழுங்கிவிட்டார். வாயில் பட்டதும் துப்பினாராம், ஆனாலும் உள்ளே போனது போனதுதான். அயலட்டை ஓடிவந்து உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைக்கப் பார்த்தது, அண்ணி விடவில்லை. 1990க்கு அடித்து அம்புலன்சில் ஏற்றிவிட்டார்.

அது நடந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. அடுத்த நாளே கமரா விட்டுப் பார்த்து 2பி என்று எழுதினார்கள். சில நாள் மூக்கால் குழாய் வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள், பிறகு தானாகவே விழுங்குகிறார் என்றதும் வீட்டுக்கு விட்டார்கள். கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம் எல்லாம் இறங்கியது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் இருந்தோம். அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல அடைக்கத் தொடங்கியது. முதலில் பாண் இறங்கவில்லை, பிறகு சோறு, இப்போது தண்ணீரும் பாலும்தான். கிளினிக்கில் பலூன் விட்டு விரிக்கிறார்கள். விரித்ததும் நன்றாக இருக்கிறது, இரண்டு கிழமை போவதற்குள் பழையபடி அடைக்கிறது.

கனடாவில் இருக்கும் பெரியப்பா தினமும் போன் எடுத்துக் கத்துகிறார். "உந்தப் பலூன் விளையாட்டு சரிவராது, காசு நான் அனுப்புகிறேன், பலாலியில் ஏறினால் சென்னை, கொண்டுபோய்ப் பழுதான குழாயை வெட்டிவிட்டுப் புதுசு போடுங்கோ" என்கிறார். அம்மா அழுகிறா. அண்ணா எதுவும் கதைக்கிறாரில்லை. டொக்டர்மார் அவசரப்பட வேண்டாம் என்கிறார்கள், ஆனால் கிளினிக் நாளில் சனம் நெருக்கும்போது நின்று விளக்கம் கேட்க முடிவதில்லை. திரும்பத் திரும்ப அடைக்கிறது என்றால் பலூன் வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? இதற்குச் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஒப்பரேசன் இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கமரா அறை எழுதியது:

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை. எண்டோஸ்கொப்பி செய்யும் அறையில் வேலை செய்கிற தாதிய உத்தியோகத்தர். அண்ணாவின் ரிப்போட்டைப் பார்க்காமல் அவருக்கு இன்னது செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லலாம், அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

திரும்ப அடைப்பது பலூன் தோற்றதால் அல்ல. எரிந்த இடம் ஆறும்போது தழும்பு விழுகிறது, தழும்பின் குணமே சுருங்குவது. நெருப்புச் சுட்ட கை ஆறின பிறகு விரலை இழுத்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் உள்ளேயும் நடக்கிறது. உள்ளே குழாய் என்பதால் சுற்றிவர இறுகுகிறது. மூன்றாம் கிழமை அளவில் தொடங்கும், மாதக்கணக்கில் நீளும். அண்ணாவுக்கு முதலில் சாப்பாடு இறங்கிப் பிறகு அடைத்ததும் இதனால்தான். அனேகமாக எல்லாருக்கும் இப்படித்தான், ஆஸ்பத்திரியில் ஏதோ விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பலூன் என்றதும் ஒரேயடியாக ஊதிப் பெருப்பிப்பது என்று சனம் நினைக்கிறது. அப்படிச் செய்தால் குழாய் கிழியும். சுருங்கிய பலூனைக் கமராக் குழாய்க்குள்ளாலேயே விட்டு, ஒடுங்கின இடத்தில் நிறுத்தி, காற்று இல்லை, தண்ணீரை அல்லது எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை அளவான அழுத்தத்தில் ஏற்றி ஒரு நிமிடமளவு வைத்திருப்பார்கள். சிலருக்குப் பலூனுக்குப் பதிலாக, மெல்லிய கம்பி ஒன்றை வழிகாட்டியாக விட்டு அதன்மேல் கூம்பிய பிளாஸ்டிக் தண்டை இறக்குவார்கள், சவாரி டைலேட்டர் என்று பெயர். நீளமான, இறுகின ஒடுக்கத்துக்கு அதை விரும்புகிற டொக்டர்மார் உண்டு, ஏனென்றால் எவ்வளவு இறுக்கம் என்று கைக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும், இறுக்கம் தட்டுப்பட ஆரம்பித்த பிறகு ஒரு தடவையில் 3 மில்லிமீற்றருக்கு மேல் கூட்டுவதில்லை என்பது பழைய விதி. ஆகவே 6 மில்லிமீற்றரில் இருக்கிற குழாயை ஒரே நாளில் 15க்குக் கொண்டுபோக யாராலும் முடியாது, முடியும் என்று சொல்பவரிடம் போகவும் வேண்டாம்.

15 என்று ஏன் சொல்கிறேன் என்றால், 13 மில்லிமீற்றருக்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் திடமான சாப்பாடு சிக்கத் தொடங்கும். 15 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டால் சோறு கறி ஓரளவு சாதாரணமாகச் சாப்பிடலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிமீற்றர் வரை விரித்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். "அடைக்குது, அடைக்குது" என்று சொல்வதைவிட அந்த இலக்கங்கள்தான் முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று காட்டும்.

ஒரு விஷயம் மட்டும் மறக்க வேண்டாம். விரித்த அன்று தொண்டை நோ, நெஞ்சில் கொஞ்ச நோ இருக்கும், அது சரி. ஆனால் நெஞ்சு அல்லது முதுகு நோ கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால், கழுத்தில் வீங்கி அமத்தும்போது நொறுநொறு என்றால், வாயில் ஒன்றும் கொடுக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். குழாய் ஓட்டையாகி இருக்கலாம். சாதாரண ஒடுக்கங்களைவிட இரசாயனத்தால் வந்த ஒடுக்கத்தில் அந்த ஆபத்து கூட. விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. கெதியாகக் கண்டுபிடித்தால் சின்ன ஓட்டையைக் கிளிப் போட்டோ மூடின ஸ்டென்ட் (உள்ளே விரிந்து நிற்கிற வலைக்குழாய்) வைத்தோ நெஞ்சைத் திறக்காமலே சமாளிக்க இடமிருக்கிறது.

கரவெட்டி ரவி எழுதியது:

நான் கராஜ்காரன். எனக்கு உள்ளே போனது பற்றறி அசிட். அது கனகாலத்துக்கு முந்திய கதை, இப்போது புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதனால் முதலில் அம்மாவுக்கு அழ வேண்டாம் என்று சொல்லுங்கோ.

அசிட்டுக்கும் கோஸ்டிக்குக்கும் கொஞ்சம் வித்தியாசம். எனக்கு உணவுக்குழாயைவிட வயிறுதான் கூடப் பாதித்தது. இரைப்பையின் கீழ் வாசல் சுருங்கி, காலையில் குடித்த கஞ்சி பின்னேரம் அப்படியே சத்தியாக வரும். அதையும் முதலில் பலூனால் விரித்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கமராவைப் பார்த்தபடியே, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராகப் பொருத்திவிட்டார்கள். தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வாணி, அண்ணாவுக்குச் சாப்பிட்டு கனநேரம் கழித்துச் சத்தி வருகிறதா என்று கவனியுங்கோ. வந்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கோ, ஒடுக்கம் மேலே மட்டும்தானா கீழேயும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

உணவுக்குழாய்க்கு பலூன்தான். ஒரு வருசத்துக்கு மேல் போய் வந்தேன். தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், பிறகு மாதத்துக்கு ஒருக்கால், பிறகு எப்போதாவது, பிறகு வரத் தேவையில்லை. சொன்னால் சின்ன விசயம் மாதிரி, ஆனால் அந்த முதல் ஆறு மாதம் மனுசனைத் தின்றுவிடும். நல்லாயிருக்கிற கிழமையில் "இன்னும் ஏன் போக வேண்டும்" என்று தோன்றும், அப்போதுதான் கட்டாயம் போக வேண்டும். என்னோடு கிளினிக்குக்கு வந்த ஒருவர் அப்படித்தான் இடையில் நின்று, எச்சிலும் விழுங்க முடியாமல் ஆனபிறகு வந்தார், ஊசி முனை அளவு துவாரம்தான் மிச்சம். அவருக்கு மறுபடி அடியிலிருந்து தொடங்கினார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பாண் எமன். ஊறி உருண்டு போய் அப்படியே நிற்கும், சோற்றைவிட மோசம். குழல் புட்டு வறட்டு வறட்டென்று இருந்தால் அதுவும். ஆட்டிறைச்சி பக்கம் கொஞ்ச நாளைக்குப் போக வேண்டாம். குழைத்த சோறு, பருப்பு, அவித்த முட்டையை மசித்துச் சொதியில் கரைத்து, மீன் என்றால் முள் இல்லாமல் மசித்து, சத்துமாக் கஞ்சி, வடித்த கூழ் (மரவள்ளித் துண்டும் நண்டுக் காலும் இல்லாமல்தான், என்ன செய்வது). பால் மட்டும் குடித்துக் கிடந்தால் உடம்பு வத்திப்போகும், வத்தின உடம்பில் எந்தப் புண்ணும் ஒழுங்காக ஆறாது. நிறையைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கோ. சாப்பிட்டதும் படுக்க விடாதேங்கோ. கள்ளு, சிகரட் இரண்டையும் விட்டுவிடச் சொல்லுங்கோ.

இயற்கை நேசன் எழுதியது:

ஆங்கில வைத்தியம் இதைக் குணப்படுத்தாது. காலையில் வெறும் வயிற்றில் நெய்யும் தேனும், இரவில் விளக்கெண்ணெய் ஒரு கரண்டி. மூன்று மாதத்தில் குழாய் இளகிவிடும். கமரா விட விட உள்ளே புண்தான் கூடும்.

கத்தி பிடிக்கப் பழகுபவன் எழுதியது:

நேசன் ஐயா, தழும்பு எண்ணெயால் இளகாது. ஒடுங்கின குழாய்க்குள் எண்ணெய் ஊற்றினால் அது சுவாசக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வருவதுதான் நடக்கும். நீங்கள் நல்ல எண்ணத்தில் சொன்னாலும் இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

வாணி அக்கா, நான் சத்திரசிகிச்சைப் பிரிவில் பயிற்சியில் இருக்கிற டொக்டர். அந்த 2பி என்பதிலிருந்து தொடங்குகிறேன். சண்டிகரில் உள்ள பிஜிஐ மருத்துவ நிறுவனத்தில் சர்கர் என்பவரும் கூட இருந்தவர்களும் 1991இல் ஒரு தரப்பிரிப்பை வெளியிட்டார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான் பாவனையில் இருக்கிறது. 1 என்றால் வெறும் சிவப்பும் வீக்கமும். 2ஏ என்றால் அங்கங்கே மேலோட்டமான புண். இவை பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறும். 2பி என்றால் புண் ஆழமாக அல்லது குழாயைச் சுற்றிவர இருக்கிறது, 3 என்றால் திசு செத்துக் கறுத்திருக்கிறது. 2பியிலிருந்து மேலே போனால் தப்பியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒடுக்கம் வரும். ஆகவே அண்ணாவுக்கு ஒடுக்கம் வந்தது எதிர்பார்த்த ஒன்றுதான், 3 இல்லாமல் போனது அதிர்ஷ்டம். அடுத்த நாளே கமரா விட்டதும் சரியான நேரம். ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு கிழமை வரை குழாய் மிக மென்மையாக இருக்கும், அந்த இடைவெளியில் உள்ளே எதையும் விடாமல் தவிர்ப்போம்.

இனிப் பெரியப்பாவின் "புதுசு". கடையில் வாங்கிப் போடுகிற குழாய் என்று ஒன்று கிடையாது. உணவுக்குழாயை எடுத்தால் அந்த இடத்துக்கு உங்கள் அண்ணாவின் இரைப்பையைத்தான் குழாயாக வெட்டி நெஞ்சுக்குள்ளால் கழுத்து வரை இழுக்க வேண்டும், இரைப்பையும் எரிந்திருந்தால் பெருங்குடலில் ஒரு துண்டை எடுத்துப் பொருத்த வேண்டும். துளை வழியாகச் செய்யலாமா என்று கேட்டீர்கள், செய்யலாம். நெஞ்சுப் பக்கம் தொராகொஸ்கொப், வயிற்றுப் பக்கம் லப்பிரஸ்கொப் என்ற கமராக் குழாய்கள், ஒவ்வொரு துளையும் 5 முதல் 12 மில்லிமீற்றர். நெஞ்சைப் பிளக்காததால் நோவும் நுரையீரல் பிரச்சினையும் குறையும். ஆனால் துளை சின்னது என்பதற்காக ஒப்பரேசன் சின்னதாகிவிடாது. எரிந்த குழாய் சுற்றியுள்ள எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில்தான் மூச்சுக்குழாயும் பெருநாடியும். சிலருக்கு அதனால்தான் பழைய குழாயை எடுக்காமல் அங்கேயே விட்டு, நெஞ்செலும்புக்குப் பின்னால் வேறு பாதை போடுகிறார்கள்.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: கழுத்தில் தைத்துப் பொருத்துகிற இடம் கசியலாம், கசிந்து ஆறினால் அந்த இடமும் ஒடுங்கலாம், ஒடுங்கினால் அதற்கும் பலூன்தான் விட வேண்டும். பலூனிலிருந்து தப்ப ஒப்பரேசன் செய்து மறுபடி பலூனுக்கே வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அதற்காக ஒப்பரேசனே வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய் முழு நீளத்துக்கும் அடைந்துபோய் கம்பிகூடப் போகாவிட்டால், விரிக்கும்போது ஓட்டையாகிச் சமாளிக்க முடியாமல் போனால், எவ்வளவு விரித்தும் நிற்காவிட்டால் அதுதான் வழி, நன்றாகச் சாப்பிட்டு வாழ்கிறவர்களும் நிறையப் பேர். எப்போது "நிற்கவில்லை" என்று சொல்வது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு கிழமை இடைவெளியில் ஐந்து தடவை விரித்தும் 14 மில்லிமீற்றரைத் தொட முடியாவிட்டால், அல்லது தொட்ட பிறகு நான்கு கிழமைக்கு அந்த அளவு நிற்காவிட்டால், அதைப் பிடிவாதமான ஒடுக்கம் என்போம். அண்ணா இன்னும் அந்தக் கட்டத்துக்கே வந்த மாதிரித் தெரியவில்லை. அதோடு தழும்பு முற்றி ஓய மாதங்கள் எடுக்கும், அதற்கு முன் அவசரப்பட்டுப் பொருத்தினால் பொருத்தின இடமே திரும்பச் சுருங்கலாம்.

அந்தக் கட்டத்துக்கு வந்தாலும் உடனே கத்தி இல்லை. நடுவில் வேறு சாமான்கள் இருக்கின்றன. விரிக்கும்போதே ட்ரையம்சினொலோன் என்ற ஸ்டிரொயிட் மருந்தைத் தழும்புக்குள் நாலு பக்கமும் ஊசியால் ஏற்றலாம், குட்டையான ஒடுக்கமென்றால் அதன் பிறகு இடைவெளி நீளுவதைப் பார்த்திருக்கிறோம். மைட்டோமைசின் சி என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்துத் தழும்பில் ஒற்றுவதும் உண்டு, தழும்பு போடும் கலங்களை அது அடக்கும், பிள்ளைகளில் கூடச் செய்திருக்கிறார்கள். இவற்றை உங்கள் டொக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் குறையொன்றுமில்லை.

சென்னைக்குப் போவது பற்றி என் கருத்து: வேறு ஒரு நிபுணரின் அபிப்பிராயம் கேட்கப் போவதென்றால் தாராளமாகப் போங்கள். பேரியம் குடித்து எடுத்த எக்ஸ்ரே, எண்டோஸ்கொப்பி ரிப்போட், நோய் நிர்ணய அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஆனால் இந்த வைத்தியம் ஒரே நாளில் முடிகிறதல்ல, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டியது, நடு இரவில் நெஞ்சு நோ வந்தால் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர வேண்டியது. அப்படிப்பட்ட வைத்தியத்துக்குக் கடல் தாண்டி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியைவிட பஸ்ஸில் போய் வரக்கூடிய கிளினிக்தான் பலம். அந்தக் காசில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள், அண்ணா வேலைக்குப் போகாமல் இருக்கிறார் அல்லவா.

உரும்பிராய் ரீச்சர் எழுதியது:

நான் இரசாயனம் படிப்பிக்கிறவள், வைத்தியம் தெரியாது. ஆனால் வாணியின் அண்ணிக்கு ஒரு கும்பிடு போடத்தான் வந்தேன். சத்தி எடுக்க வைத்திருந்தால் அதே கோஸ்டிக் அதே குழாயால் இரண்டாம் முறை மேலே வந்திருக்கும். இன்னும் சிலர் "காரம்தானே, தேசிக்காய்ப் புளி கொடு" என்பார்கள். அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் வரும், எரிந்த இடத்தில் அதையும் சேர்த்து ஊற்றுவதா? வாயைக் கொப்பளிக்க வைத்து, பட்ட உடுப்பைக் கழற்றி, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

சவர்க்காரம் செய்பவருக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும்: கோஸ்டிக் சோடா எண்ணெயைச் சவர்க்காரமாக்குகிற அதே தாக்கம்தான் உடம்பின் கொழுப்பிலும் நடக்கிறது. திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும். அசிட் அப்படியல்ல, மேற்பரப்பில் புரதத்தை உறைய வைத்துத் தானே ஒரு தடை போட்டுக்கொள்ளும், அதனால் ஓரளவு தடைபடும், ஆனால் செறிவான அசிட் என்றால் அந்தத் தடையும் நிற்காது.

எனக்குக் கோபம் வருவது போத்தலில்தான். எங்கள் ஊர்க் கடைகளில் கக்கூஸ் கழுவுகிற அசிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி, மேலே ஒரு எழுத்துக்கூட இல்லாமல் விற்கிறார்கள், நாங்களும் வாங்கிக் குசினி மூலையில் வைக்கிறோம். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை வைத்தியர், கோஸ்டிக் குடித்த பிள்ளைகளின் குழாயை விரித்து விரித்துக் களைத்துப்போய், போத்தலில் நஞ்சு என்று எழுத வேண்டுமென்று வருசக்கணக்கில் அலைந்து 1927இல் சட்டமே கொண்டுவர வைத்தார். நூறு வருசமாகப் போகிறது, எங்கள் சந்திக் கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

சுன்னாகம் வாணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெரியப்பாவுக்கு இதை அப்படியே அனுப்பினேன். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கத்தவும் இல்லை. ரவி அண்ணா, சத்தி வருவதில்லை, அடைப்பு மேலேதான். பேரியம் எக்ஸ்ரேயில் ஒரு இடத்தில் மட்டும்தான் ஒடுக்கம், குட்டையானது என்றும் எழுதியிருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. பெரியப்பாவின் மகள் "ஏன் ஸ்டென்ட் வைக்கவில்லை, வைத்தால் விரிந்தே இருக்குமே" என்று கேட்கிறா. மற்றது, இது பிறகு கான்சராக மாறும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள், இரவில் நித்திரை இல்லை அவவுக்கு.

கத்தி பிடிக்கப் பழகுபவன் எழுதியது:

ஸ்டென்ட் முதல் தெரிவு அல்ல. விரித்துப் பிடிவாதம் பிடித்தால் யோசிப்பது. வைத்தாலும் இருதய இரத்தக்குழாயில் வைக்கிற மாதிரி நிரந்தரமாக விடக்கூடாது. முழுக்க உறை போட்ட உலோக ஸ்டென்டைச் சில கிழமை வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும், உறை இல்லாததை வைத்தால் சதை உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது. உறை போட்டதோ வழுக்கி இரைப்பைக்குள் இறங்கிவிடும், அடிக்கடி நடப்பது. நெஞ்சு நோவும் உண்டு. மூன்று மாதமளவில் தானாகக் கரைகிற ஸ்டென்டும் இருக்கிறது, எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒரு இடத்தில் குட்டையான ஒடுக்கம் என்றால் பலூனுக்கு நல்ல பலன் தருகிற வகை அது, ஸ்டென்ட் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

கான்சர் கதை பொய்யில்லை, ஆனால் அம்மாவின் நித்திரையைக் கெடுக்கிற அளவுக்கும் இல்லை. மற்றவர்களைவிட ஆபத்து கூட என்பது உண்மை, ஆனால் வருவதென்றால் பல பத்து வருடம் கழித்துத்தான் பெரும்பாலும். அதனால் விபத்து நடந்து 15, 20 வருடமானதும் இடைக்கிடை கமரா விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அட்டையில் கோஸ்டிக் என்றும் வருடத்தையும் பெரிதாக எழுதி வையுங்கள், அப்போது வேறு டொக்டர் இருப்பார். இடையில் நன்றாக விழுங்கிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று புதிதாக அடைத்தால் அது பழைய தழும்புதான் என்று இருந்துவிடாமல் காட்ட வேண்டும்.

கமரா அறை எழுதியது:

அண்ணா ஒன்றும் கதைக்கிறாரில்லை என்று முதலில் எழுதியிருந்தீர்கள், அதை ஒருவரும் தொடவில்லை. வீட்டார் சாப்பிடும் நேரத்தில் அவர் எழும்பிப் போய்விடுகிறாரா? எங்களிடம் வருகிறவர்களில் பலர் அப்படித்தான், குழாயைவிட மனம்தான் முதலில் ஒடுங்கும். கிளினிக்கில் மனநல டொக்டரையும் பார்க்க வேண்டுமென்று கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறுதலாக இல்லாமல் வேண்டுமென்றே குடித்தவர்களின் வீட்டார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் இதேதான், ஏன் செய்தாய் என்று குடைய வேண்டாம், மனநல உதவி இலக்கமான 1926க்குப் போன் எடுத்தால் எந்த நேரமும் கதைக்கலாம்.

சுன்னாகம் வாணி எழுதியது:

எழும்பித்தான் போகிறார். கிளினிக்கில் கேட்கிறேன். கடைசியாக ஒன்று, வயிற்று அசிட்டைக் குறைக்கத் தந்த குளிசை தொண்டையில் நிற்கிறது என்று இரண்டு நாளாகப் போடவில்லை. இடித்துக் கரைத்துக் கொடுக்கலாமா?

கமரா அறை எழுதியது:

இடிக்க வேண்டாம். ஒமெப்ரசோல் கப்சியூல் என்றால் உள்ளே இருக்கிற குட்டி மணிகளுக்கு மேலே பூச்சு இருக்கும், இடித்தால் வயிற்று அசிட்டிலேயே அழிந்து வேலை செய்யாது. கப்சியூலைத் திறந்து மணிகளை அப்படியே கொஞ்சத் தயிரில் போட்டு மெல்லாமல் விழுங்கலாம், ஆனால் அண்ணாவுக்கு இப்போது தண்ணியாகத்தான் இறங்குகிறது என்பதால் மணியும் சிக்கக்கூடும். நாளைக்கே கிளினிக்குக்குப் போன் எடுத்து, கரைகிற வகையாக மாற்றித் தரச் சொல்லுங்கள், தண்ணீரில் கரைகிற குளிசையும் தூளும் இருக்கின்றன. நிறுத்தி மட்டும் வைக்க வேண்டாம், அசிட் மேலே வந்து அந்த இடத்தில் படப் படத்தான் தழும்பு இன்னும் இறுகும். குளிசையே நிற்கிற அளவுக்கு ஒடுங்கியிருக்கிறது என்பதையும் போனிலேயே சொல்லுங்கள், அடுத்த திகதியை முன்னுக்கு எடுப்பார்கள்.